கிளிஞ்சல் மலைக்கு வந்த ஏற்காட்டுச் சம்பந்திகள்

கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தூரம் தெரியும், ஆழம் தெரியும், உயரம் மட்டும் தெரியாது. இது எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பொதுக் குறை என்றுதான் நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். எனக்கு மட்டும் உள்ள குறை என்று ஒப்புக்கொண்டால், என் கல்யாணப் பேச்சு நடந்த லட்சணத்துக்கு வேறு சமாதானமே சொல்ல முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பத்தில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவில் மணலும் நாங்களும். எங்கள் ஊரில் நிமிர்ந்து நிற்பது லைட்ஹவுஸும் பனைமரங்களும்தான். (கோபம் வந்தால் என் அம்மாவும்.) மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஏரிப் பக்கமாக ஒரு இடத்தில் தரை கொஞ்சம் எழும்பி நின்றால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? மலை என்று வைத்தார்கள். கிளிஞ்சல் மலை.

ஏரியைப் பார்த்த பக்கம் அது செங்குத்தாக இருக்கும். எந்தக் காலத்திலோ ஒதுங்கிய கிளிஞ்சலும் மணலும் களிமண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, கத்தியால் வெட்டி எடுத்த கேக் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். வெயில் பட்டால் கிளிஞ்சல் அடுக்கு மட்டும் பளபளக்கும். குப்பத்துப் பக்கம் சாய்வாக இறங்கும். உயரம் என்று பார்த்தால், ஒரு தென்னங்கன்று கொஞ்சம் ரோஷப்பட்டால் எட்டிப் பிடித்துவிடும். ஆனால் சின்ன வயதில் யார் அப்படியெல்லாம் பார்த்தோம்? பனை மட்டையில் உட்கார்ந்து சாய்வில் சறுக்குவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே ஏறி நின்று, ஏரியில் எது நைனாவின் படகு என்று பந்தயம் கட்டுவோம். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.) பனிக்காலத்தில் பூநாரைகள் வந்தால் தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் ஊரே அங்கேதான் நிற்கும். எனக்கு உலகத்தைக் காட்டிய இடம் அது. அதைப் போய் மேடு என்று சொல்ல நாக்கு வருமா?

அந்த மலைக்கு வரலாறும் உண்டு. நைனா வலை பிரித்துக்கொண்டே சொல்வார்: “டச்சுக்காரன் வந்தான், கோட்டை கட்டச் சுண்ணாம்பு வேணும்னு பாதி மலையத் தின்னான். அப்பால சூளைக்காரங்க வந்தாங்க, மாட்டு வண்டி வண்டியா கிளிஞ்சல் வாரிக்கினு போனாங்க. மிச்சத்தை ஏரி தின்னுக்கினு இருக்குது. நாம பாக்கறது எச்சில் மலை.” அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. கேட்ட நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வரலாற்றின் அடுத்த கட்டம் பூங்கா. நான் ஆறாவது படிக்கும்போது பஞ்சாயத்தில் அந்த மலை மேல் ஒரு பார்க் கட்டினார்கள். ஏரியைப் பார்த்தபடி சிமெண்ட் பெஞ்சுகள், ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நடுவில் சிமெண்டில் ஒரு பூநாரை. (பெயிண்ட் அடித்தவர் பூநாரையை நேரில் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொக்குக்கு ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருக்கும்.) இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது மழையில் ஏரி கரையை அரித்து, சறுக்குமரமே சறுக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டாவது பார்க் கட்டி, கம்பி வேலி போட்டார்கள். பூநாரையை மட்டும் பத்திரமாகத் தூக்கி வைத்தார்கள். முதல் பார்க்கின் மிச்சமாக ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு வேலிக்கு வெளியே, விளிம்பை ஒட்டி நின்றது. அதில் ஆடுகள் உட்காரும். மனிதர்கள் உட்கார மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து நான் படித்து முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஸ்டோர்ஸில் இருந்தார் சரவணன். இப்போது என் வீட்டுக்காரர். சொந்த ஊர் ஏற்காடு. நான் கொண்டுபோகிற இறால் தொக்கைச் சாப்பிட்டுவிட்டு என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதாகச் சொன்னார். (தொக்கைத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன்.)

இரண்டு வீட்டிலும் மறுப்பு. “மலையில இன்னா மீன் கெடைக்கும்? பொண்ணு காஞ்சி பூடும்” என்று நைனா. அந்தப் பக்கம் இவர் அப்பா இன்னும் கறார். ஏற்காட்டில் கொஞ்சம் காபித் தோட்டமும் ஒரு மளிகைக்கடையும் வைத்திருப்பவர். கீழே இறங்கி சேலத்துக்கு வருவதையே ஒரு தண்டனையாக நினைப்பவர். மகனுக்குச் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்.

“பொண்ணு எந்த ஊரு?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“பழவேற்காடு” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

ஏற்காட்டில் அன்று செல்போன் சிக்னல் எப்படி இருந்ததோ, அவர் காதில் விழுந்தது வேறு. “பழைய ஏற்காடா? அப்படி ஒண்ணு இருக்குதா? நம்ம ஊருக்கு முன்னாடியே இருந்த ஊரா?”

இவர் உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அப்பாவின் குரலில் அன்றுதான் முதல்முறையாக ஒரு இளக்கம் தெரிந்ததாம். “அங்க ஏரி இருக்குதா?” என்று கேட்டாராம். “இருக்குதுப்பா, நம்ம ஏரியை விடப் பெருசு.” “மலை?” இவர் அந்தக் கேள்விக்குப் பயந்துபோய் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பேச்சு எனக்கு வரி விடாமல் நினைவிருக்கிறது. மறக்க வேண்டுமென்றுதான் ஆசை.

“ஏங்கண்ணு, உங்க ஊர்ல மலை இருக்குதா?”

“இருக்கு மாமா.”

“நல்ல உசரமுங்களா?”

“மேல ஏறி நின்னா ஏரி முழுக்கத் தெரியும் மாமா.” (எங்கள் ஊரில் ஸ்டூல் போட்டு நின்றாலும் ஏரி முழுக்கத் தெரியும். அதைச் சொல்லவில்லை.)

“கடல் மட்டத்துலருந்து எத்தனை அடி?”

“கடல் மட்டம் பக்கத்துலதான் மாமா இருக்கு.”

அவர் அதை என்னவென்று புரிந்துகொண்டாரோ, “அப்படீங்களா” என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். இளக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. மலை மேல் பார்க் இருக்கிறது என்றேன். டச்சுக்காரர் காலத்து மலை என்றேன். (டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி வைத்தார்களா என்று அவர் கேட்கவில்லை. அவர் பெரிய மனிதர்.) கடைசியில் அவர் சொன்னார்: “மலையில பொறந்த பொண்ணுன்னா நம்ம ஊரு ஒத்துக்கும். நாங்க வந்து பாத்துட்டு முடிவு சொல்றோம் கண்ணு.”

போனை வைத்ததும் இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். கல்யாணம் பாதி முடிந்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தோம். மற்ற பாதி எங்கே நிற்கிறது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. ஏனென்றால் என் மனதுக்குள் கிளிஞ்சல் மலை உண்மையிலேயே உயரமாகத்தான் இருந்தது. பயம் வந்தது, அவர்கள் வருவதற்கு முதல் நாள் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னபோதுதான்.

“மலை பாக்க வராங்களா? எந்த மலை?”

“நம்ம மலைதான் நைனா.”

கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். “ஏற்காட்டுலேர்ந்து? மலை மேலயே குடியிருக்கறவங்க? நம்ம கிளிஞ்சல் மேட்டைப் பாக்கவா?”

அதுவரை அவரும் அதை மலை என்றுதான் சொல்லி வந்தார். ஆபத்து என்றதும் ஒரே நொடியில் மேடாக்கிவிட்டார்.

“இன்னா பேஜாரு பண்ணி வச்சிகிறே நீ?” என்று அம்மா வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. “பொழுது போனப்புறம் வரச் சொல்லு. இருட்டுல இன்னா தெரியப்போவுது?”

நைனா வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் முன்னால் மகள் தலை குனியக் கூடாது என்கிற கவலை அதைவிடப் பெரியதாக இருந்தது. கடைசியில் சொன்னார்: “ரோட்டுப் பக்கமா இட்டுனு போனா மலைனே தெரியாது. பேசிக்கினே நடந்து மேல போய் நின்னுடுவாங்க. ஏரிப் பக்கமா படகுல இட்டுனு போறேன். தண்ணியில உக்காந்துகினு அண்ணாந்து பாத்தா எதுவுமே உசரந்தான்.”

என் நைனாவைப் போல ஒரு அறிவாளி உண்டா என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மாமாவும் அத்தையும் இவரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பங்குனி மாத வெயில், மணலில் கால் வைக்க முடியவில்லை. மாமா கான்வாஸ் ஷூ போட்டு, கையில் ஒரு கைத்தடியோடு, ஏற்றத்துக்குத் தயாராக இறங்கினார். அத்தை பின்னால் இறங்கினார். கையில் மடித்த ஸ்வெட்டர்.

நைனா கவலையோடு கேட்டார்: “இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?”

“இல்லீங்க அண்ணா. மலை மேல போனா குளுருமில்ல?”

நைனா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மாமா கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். “பொன்னேரி தாண்டினதுலருந்து பாத்துக்கிட்டே வர்றேனுங்க. மலை கண்ணுக்கே தெரியல. மூடுபனியா இருக்குமோ?”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. இவர் மட்டும் துணிந்து, “இந்தப் பக்கம் காலையில அப்படித்தாம்ப்பா” என்றார். அன்றைக்கு இவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மோர் கொடுத்து, உட்கார வைத்து, படகுக்கு அழைத்துப் போனோம். அம்மா நண்டுக் குழம்பு வைக்க வீட்டிலேயே தங்கிவிட்டாள். (சமையலை விட மானம் பெரிது என்று தங்கினாள் என்பது பிற்பாடு தெரிந்தது.) நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். படகில் பட்டுப்புடவையோடு ஏறியவளை எங்கள் குப்பம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

நைனா நின்றுகொண்டு நீளக் கோலை ஊன்றிப் படகைத் தள்ளினார். நன்றாகத்தான் போனது. அத்தை படகின் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மாமா முன்னால் உட்கார்ந்து மலையைத் தேடிக்கொண்டிருந்தார். திட்டப்படி நாங்கள் மலையின் அடிக்குப் போய், அவர் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் பங்குனியில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு வற்றும் என்பதை, அந்த ஏரியிலேயே பிறந்த என் நைனா, பதற்றத்தில் மறந்துவிட்டார். மலைக்கு வெகு முன்னாலேயே படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மலை, யாரோ தின்றுவிட்டு வைத்த பன் மாதிரி தெரிந்தது.

“ஏனுங்க நின்னுட்டோம்?” என்றார் மாமா.

“இங்கேர்ந்து மலை நல்லாத் தெரியும்னு…” என்று இழுத்தார் நைனா.

“எங்கீங்க?”

நான் கையை நீட்டினேன். மாமா என் விரல் போன திசையில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் மேல் குறை வந்துவிடக் கூடாதே என்பது போல மென்மையாகக் கேட்டார்: “அந்தத் திட்டு மறைக்குதே கண்ணு. அதுக்குப் பின்னாடி இருக்குதா?”

நைனாவுக்கு இருமல் வந்தது. நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டினேன். நைனாவும் இவரும் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் மாமா முன்னால் ஏறினார். மலைக்காரர் நடை. கைத்தடியை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, நீண்ட ஏற்றத்துக்காக மூச்சை அளந்து விட்டுக்கொண்டு ஏறினார். அந்த மூச்சை அவர் வெளியே விடுவதற்குள் உச்சி வந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. வேலிக்கம்பி, ஊஞ்சல், சிமெண்ட் பூநாரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சரிங்க கண்ணு, இங்கிருந்து ஏறுற வழி எங்க?”

“ஏறிட்டோம் மாமா.”

கையிலிருந்த ஸ்வெட்டரை அத்தை மெதுவாகப் பைக்குள் திணித்தார். இவர், ஏதோ வாங்கப் போகிறவர் மாதிரி, சிமெண்ட் பூநாரையின் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பேசி வைத்திருந்த சொந்தக்காரப் பெண்ணை நினைப்பது போல் தூரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். ஆனால் எனக்குப் பயம் வந்தால் பேச்சு வரும். டச்சுக்காரர்களில் ஆரம்பித்தேன். கோட்டைக்குச் சுண்ணாம்பு எடுத்ததைச் சொன்னேன். சூளைக்காரர்களைத் திட்டினேன். “அப்பல்லாம் ரொம்ப உசரம் மாமா. மேல நின்னா மெட்ராஸ் தெரியுமாம்” என்றேன். நைனா மறுபடி இருமினார். மாமா முகம் அசையவில்லை. முதல் பார்க், சறுக்குமரம் சறுக்கியது எல்லாம் சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போய்விட்டேன். அங்கே அந்தப் பழைய பெஞ்சு.

“இங்க உக்காந்து பாருங்க மாமா. இங்கேர்ந்து பாத்தாத்தான் உசரம் தெரியும்.”

“வேணாண்டா… ஏய், அது ஆடு உக்கார்ற பெஞ்சு!” என்று நைனா கத்தினார். அதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். வரப்போகிற மருமகள் உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் நின்றால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, கைத்தடியைப் பக்கத்தில் ஊன்றிவிட்டு மாமாவும் வந்து உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏரி மினுங்கியது. தூரத்தில் பூநாரைகள் கூடத் தெரிந்தன. “பாத்தீங்களா மாமா” என்று நான் திரும்பியபோது, அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதைக் கவனித்தேன். அவர் சாயவில்லை. மலை சாய்ந்தது. அடியில் இருந்த கிளிஞ்சல் அடுக்கு ‘சரசர’வென்று கரைய, பெஞ்சு முன்னால் குனிந்து, ராஜா ராணி சிம்மாசனத்தில் ஊர்வலம் போவது போல எங்கள் இரண்டு பேரையும் உட்கார்ந்தபடியே கீழே கொண்டு போனது. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மாமா கத்தவில்லை. “ஓ” என்று ஒரே ஒரு சொல் மட்டும் சொன்னார்.

கீழே கறுப்புச் சேறு. இடுப்பு வரை இறங்கினோம். பெஞ்சு எங்களுக்கு அடியில் எங்கேயோ அமிழ்ந்தது. பின்னாலேயே ஒரு கூடைக் கிளிஞ்சல் தலையில் கொட்டியது. அடி ஒன்றும் படவில்லை. ஏரிச்சேறு தலையணை மாதிரி. அதன் வாசனையைப் பற்றி மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

“ரேவதி! உசுரோட இருக்கியா?” என்று மேலேயிருந்து நைனா.

“இருக்கேன் நைனா!”

“சம்பந்தி?”

“இருக்கேனுங்க” என்றார் மாமா, கடைக்கு வந்தவருக்குப் பதில் சொல்வது போல நிதானமாக.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. புடவைக்காக இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்து வந்த அழுகை. “மாமா, ஏமாத்தணும்னு சொல்லல மாமா. சின்ன வயசுலேர்ந்து எங்களுக்கு இதுதான் மலை. வேற மலையே நான் பாத்ததில்ல. நெஜமாவே உசரம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

மாமா கழுத்தைப் பின்னால் சாய்த்து, நாங்கள் வந்த வழியை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். நைனா போட்ட திட்டம் கடைசியில் பலித்துவிட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று பார்க்கும்போது அது உண்மையிலேயே மலையாகத்தான் இருந்தது.

“அழுவாத கண்ணு. வாயில சேறு போயிரும்” என்றார். பிறகு, “பொறந்ததுலருந்து மலையில இருக்கறேன். காட்டெருமை தொரத்தி ஓடியிருக்கறேன், மழையில பாறை மேல நடந்திருக்கறேன். ஒரு தடவை கூட விழுந்ததில்ல. உங்க மலை வந்தன்னைக்கே என்னைக் கவுத்துப் போட்டுருச்சு” என்றார்.

அவர் கோபமாகச் சொல்கிறாரா என்று புரியாமல் நான் திகைத்திருந்தபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. அத்தை. விளிம்பிலிருந்து பத்திரமாகத் தள்ளி, ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முயன்று, முடியாமல், பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க, குளுருதா? ஸ்வெட்டர் போடட்டுங்களா?” என்று கேட்டார். மாமாவின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. சேற்றில் நின்றபடியே அவர் சிரித்த சிரிப்பில் ஏரியில் இருந்த பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

படகுக் கயிற்றைப் போட்டு நைனாவும் இவரும் எங்களை இழுத்தார்கள். மாமாவின் ஒரு ஷூவை ஏரி வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அடிபம்பில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, நைனாவின் லுங்கியையும் சட்டையையும் போட்டுக்கொண்டு, மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா நண்டை வைத்தாள். அதை எங்கே கடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நைனா ஒரு காலை உடைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெகுநேரம் சாப்பிட்டார். நாங்கள் ஐந்து பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கை கழுவிவிட்டு வந்து நைனாவிடம் சொன்னார்: “பெஞ்சு சாயறப்ப பொண்ணு எந்திரிச்சு ஓடியிருக்கலாமுங்க. ஓடல. எங்கையைப் புடிச்சுக்கிட்டுக் கூடவே வந்துச்சு. அது போதுமுங்க. நாள் பாத்துருங்க.”

(நான் அவர் கையைப் பிடித்தது பயத்தில். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் நான் திருத்தவில்லை. அதற்கப்புறம் வந்த பாசத்தில் அது ஈடாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.)

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தன் பங்குக்கு இருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டார்: “மலையில மீன் கெடைக்குமா சம்பந்தி?”

“சேலத்துலருந்து வண்டியில வருமுங்க. ஐஸ் வச்சது.”

“ஐஸ் வச்சதா?” என்று நைனா முகம் வாடியதைப் பார்த்து, “நீங்க கொண்டாங்க. உங்க கையால கொண்டு வந்தா உங்களையும் பாத்த மாதிரி ஆச்சு” என்றார் மாமா. நைனா கொண்டுபோகவும் செய்தார். முடிகிற வரைக்கும், மாதம் ஒரு தடவை, பஸ் மாறி பஸ் மாறி, மடவைக் கருவாட்டு மூட்டையோடு. எந்த பஸ்ஸிலும் அவர் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லையாம்.

இப்போது நாங்கள் ஏற்காட்டில்தான் இருக்கிறோம். மாமாவுக்குத் தோட்டம் பார்க்க முடியாமல் போனதும் இவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். இந்த வீட்டில் என் பேச்சுக்கு அளவு விஷயத்தில் மட்டும் மதிப்பே கிடையாது. “சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று நான் சொன்னால், “கொஞ்சம்னா உங்க ஊர்க் கொஞ்சமா, எங்க ஊர்க் கொஞ்சமா?” என்று அத்தை கேட்பார். பரணில் ஏற ஸ்டூல் போட்டால், “பாத்து ஏறு, மெட்ராஸ் தெரியப்போகுது” என்பார் இவர். (அன்றைக்குப் பூநாரை மூக்கைத் தடவிக்கொண்டு நின்றவர்.) சொந்தத்தில் யார் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை ஓடும். ஒவ்வொரு தடவையும் சேறு கொஞ்சம் ஏறும். இப்போது கழுத்து வரை வந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒரு தடவை குப்பத்துக்குப் போவோம். நைனா இப்போது கடலுக்குப் போவதில்லை. மலையும் முன்பு மாதிரி இல்லை. நாங்கள் விழுந்த இடம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டாவது பார்க்கின் ஊஞ்சலும் போய், இன்னும் உள்ளே தள்ளி மூன்றாவதாக ஒரு பார்க் வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அதில் துணி காய்கிறது. ஒவ்வொரு தடவையும் மாமாவும் நைனாவும் மேலே போய், விளிம்பிலிருந்து நல்ல தூரத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். கால் வைக்கும் இடம் வருஷா வருஷம் குறைவது தெரியும். மனதுக்கு என்னவோ போல் இருக்கும். ஆனால் அங்கே போனவுடன் என் கண், வளர்ந்து கெட்டு, இத்தனை பெரிய சேர்வராயன் மலையைத் தினம் பார்த்துப் பழகிய கண், மறுபடியும் ஏமாந்துவிடும். எனக்கு அது உயரமாகத்தான் தெரிகிறது. என்ன செய்ய?

போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளியில் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். எனக்குக் காய்ச்சல். மாமா போனார். மலை வரையச் சொன்னார்களாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, முக்கோணம் முக்கோணமாக வரைந்து பச்சை அடித்திருக்கிறார்கள். என் மகள் தாளின் அடியில் ஒரு சின்னத் திட்டை வரைந்து, பக்கத்தில் அதைவிட உயரமாக ஒரு பனைமரத்தையும், ஒரு படகையும், சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீசையையும் வரைந்து வைத்திருக்கிறாள்.

“மலை இவ்வளவு சின்னதா இருக்குமாங்க? பாப்பா தினமும் மலையைப் பாத்துக்கிட்டுத்தானே ஸ்கூலுக்கு வருது?” என்று மிஸ் கேட்டிருக்கிறார்.

மாமா படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வெகுநேரம் பார்த்தாராம்.

“மீசை மட்டும் கொஞ்சம் பெருசா போட்டிருக்குது” என்றாராம். “மத்தபடி அளவு சரிதானுங்க. முழு மார்க் போடுங்க.”